லாட்டி டாட்: அந்த ஐந்து விம்பிள்டன் பட்டங்களுக்கு என்ன மதிப்பு?

கேள்வி இது: "லாட்டி டாட் 15 வயதில் விம்பிள்டன் வென்றார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் போட்டிக்கு வந்த பெண்களே ஐந்தாறு பேர்தானே? அப்படியானால் அந்தப் பட்டங்களுக்கு என்ன மதிப்பு? உண்மையிலேயே அவ்வளவு திறமை இருந்திருந்தால் 21 வயதில் ஏன் விலகினார்?"

நியாயமான சந்தேகம்தான். விக்டோரியா காலத்து ஆங்கிலேய டென்னிஸ் வீராங்கனையான டாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஐந்து பட்டம், 15 வயது, அப்புறம் ஹாக்கி, கோல்ஃப், வில்வித்தை என்று அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிரே நின்றது யார், எந்த விதிப்படி ஆடினார்கள் என்று சொல்வதில்லை. அதைப் பார்க்காமல் அவரை எடைபோட முடியாது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் நாம் நினைப்பதைவிடச் சிறியவராகத் தெரிவார். யாரை எவ்வளவு வித்தியாசத்தில் தோற்கடித்தார் என்று பார்த்தால் நாம் நினைப்பதைவிடப் பெரியவர்.

விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் போட்டி 1884ல்தான் தொடங்கியது. ஆண்களுக்கு 1877லேயே தொடங்கிவிட்டது. அந்த முதல் ஆண்டில் பெயர் கொடுத்த பெண்கள் 13 பேர். அதன் பிறகு எண்ணிக்கை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. 1890ல் வெறும் 4 பேர். அயர்லாந்தின் லீனா ரைஸ் வென்ற ஆண்டு அது. டாட் ஆடிய ஆண்டுகளிலும் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதாததற்கு 'சேலஞ்ச் ரவுண்ட்' என்ற முறை வேறு இருந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் தங்களுக்குள் மோதி ஒருவரை மிச்சம் வைப்பார்கள். சாம்பியன் வந்து அவரோடு மட்டும் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். டாட் 1888, 1892, 1893 மூன்று ஆண்டுகளிலும் இப்படி ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர். இன்று ஒரு வீராங்கனை கோப்பையைத் தொட ஏழு ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். டாட் ஐந்து பட்டங்களுக்கும் சேர்த்தே ஆடிய விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டங்கள் ஒன்பதுதான்.

ஆக, உங்கள் சந்தேகத்தின் முதல் பாதி சரி. ஆனால் அன்றைக்குப் பெண்கள் டென்னிஸின் மையம் விம்பிள்டன் இல்லை. டப்ளினில் நடந்த ஐரிஷ் சாம்பியன்ஷிப்பில் 1879லேயே பெண்கள் ஒற்றையர் இருந்தது, விம்பிள்டனுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால். மான்செஸ்டர் பக்கம் நடந்த நார்தர்ன் சாம்பியன்ஷிப்புக்கும் நல்ல மதிப்பு. வடக்கு இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அந்த இரண்டு இடங்களில்தான் ஆடினார்கள். 1887ல் டாட் முதலில் டப்ளினிலும், அப்புறம் வடக்கிலும் வென்றுவிட்டுத்தான் விம்பிள்டனுக்கே வந்தார். லண்டனுக்கு வந்து இறங்கியபோதே அவர் யார் என்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எப்படி அந்த வயதில் அந்த ஆட்டம் வந்தது? வீடுதான் காரணம். 1871 செப்டம்பர் 24ல் செஷைர் மாகாணத்தில் பெபிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். லிவர்பூல் துறைமுகத்துக்கு ஆற்றின் எதிர்க்கரைப் பக்கம். அப்பா ஜோசப் டாட் பருத்தித் தரகு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். 1879ல் அவர் இறந்தபோது நான்கு பிள்ளைகளும் வாழ்நாள் முழுக்க வேலைக்குப் போகத் தேவையில்லாத அளவுக்குச் சொத்து இருந்தது. எட்ஜ்வொர்த் என்ற அந்த வீட்டில் இரண்டு டென்னிஸ் மைதானங்கள். அக்கா ஆனி, அண்ணன்கள் வில்லி, டோனி, கடைக்குட்டி லாட்டி. பள்ளிக்குப் போகவில்லை, ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள். மீதி நேரமெல்லாம் ஆட்டம். வசதியான குடும்பத்துப் பெண்கள் தேநீர் விருந்தின் இடையே மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண் இரண்டு அண்ணன்மார் அடிக்கும் பந்தைத் திருப்பி அடித்தே வளர்ந்தது. ஆண்கள் அடிக்கிற வேகம் அதற்குச் சாதாரண வேகமாக ஆகிவிட்டது. பிற்பாடு அவருடைய ஆட்டத்தில் எல்லோரும் வியந்த விஷயங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1883ல் 11 வயதில் அக்கா ஆனியோடு சேர்ந்து மான்செஸ்டரில் இரட்டையர் ஆடினார். முதல் சுற்றிலேயே தோல்வி. தோற்றவர்களுக்கென்று தனியாக நடந்த ஆறுதல் போட்டியில் இருவரும் வென்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 13 வயதில், அதே நார்தர்ன் போட்டியின் ஒற்றையர் இறுதியில் மாட் வாட்சனை எதிர்த்து நின்றார். வாட்சன் யார்? முதல் விம்பிள்டன் சாம்பியன், அன்றைக்கு அசைக்கமுடியாத பெயர். ஸ்கோர் 8-6, 7-5 வாட்சனுக்கு. தோற்றாலும் 13 வயதுச் சிறுமி சாம்பியனை இரண்டு செட்டிலும் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனது பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி. 'லிட்டில் வொண்டர்', அதாவது குட்டி அதிசயம், என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1886ல், பாத் நகரத்தில் நடந்த மேற்கு இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பில் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதுவரை வாட்சன் தொடர்ச்சியாக 55 ஆட்டங்கள் வென்றிருந்தார். டாட் 7-5, 6-4 என்று வென்று அந்த வரிசையை அறுத்தார். வயது 14. என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் பெரிய திருப்பம் இந்த பாத் ஆட்டம்தான், விம்பிள்டன் இல்லை. ஆள் குறைவு, எதிரி பலவீனம் என்ற பேச்சே எடுபடாத ஆட்டம் அது. ஐந்தாண்டு காலம் யாரும் தொடமுடியாமல் நின்றவர் எதிரே நின்றார். நேராக இரண்டு செட்டில் முடிந்தது.

சரி, 1887 விம்பிள்டனுக்கு வருவோம். அப்போது போட்டி நடந்தது இன்றைய இடத்தில் இல்லை, வொர்ப்பிள் சாலையில் இருந்த பழைய மைதானத்தில். இன்றைய சர்ச் சாலை இடத்துக்கு 1922ல்தான் மாறினார்கள். முந்தைய ஆண்டு சாம்பியன் பிளாஞ்ச் பிங்க்லி காத்திருந்தார், டாட் சுற்றுகளை வென்று அவரை எதிர்த்து வந்தார். 6-2, 6-0. இரண்டாவது செட் பத்தே நிமிடத்தில் முடிந்ததாகச் சொல்வார்கள். அன்று டாட்டின் வயது 15 வருடம், 285 நாள். விம்பிள்டன் பெண்கள் ஒற்றையரில் இவரைவிடக் குறைந்த வயதில் வென்றவர் இன்றுவரை யாரும் இல்லை.

இந்த வெற்றிக்கு அவருடைய உடைதான் காரணம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய வளர்ந்த பெண்கள் தரையைத் தொடும் பாவாடை, அதற்குள் அடுக்கடுக்காக உள்பாவாடை, இடுப்பையும் விலாவையும் இறுக்கிப் பிடிக்கும் கோர்செட், தலையில் தொப்பி என்று முழு அலங்காரத்தோடுதான் ஆட வேண்டும். கோர்செட் என்பது வெறும் துணி இல்லை. திமிங்கலத் தாடையின் நார்த் தகட்டையோ உலோகப் பட்டையையோ உள்ளே வைத்துத் தைத்தது. குனிந்தாலும் எட்டினாலும் விலாவில் குத்தும். முதல் உலகப்போருக்கு முந்தைய நாட்களைப் பற்றி டென்னிஸ் வீராங்கனை எலிசபெத் ரயான் பிற்காலத்தில் சொன்ன ஒரு நினைவு உண்டு. இங்கிலாந்து கிளப்புகளில் பெண்கள் உடை மாற்றும் அறையில் கோர்செட்டுகளைக் காயப்போட ஒரு கம்பி இருக்கும். அதில் தொங்கியவற்றில் பலவற்றில் ரத்தக்கறை இருக்குமாம். ஆடி முடித்து வந்தவர்களின் ரத்தம். அந்தக் காலத்துப் பெண்களின் ஆட்டம் மெதுவானது என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

15 வயதுப் பெண்ணான டாட்டுக்கு இதிலிருந்து கொஞ்சம் விலக்கு இருந்தது. பள்ளிச் சிறுமிகள் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை அணியலாம். அதனால் கெண்டைக்கால் வரை பாவாடை, கறுப்புக் காலுறை, கறுப்புக் காலணி, தலையில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் போடுவதுபோல ஒரு வெள்ளைத் தொப்பி என்று களமிறங்கினார். ஓடுவதற்கு அது உதவியது, சந்தேகமே இல்லை. ஆனால் 1892ல் என்ன ஆனது பாருங்கள். அப்போது அவருக்கு 20 வயது. சிறுமிக்குக் கிடைத்த சலுகை கிடையாது, மற்றவர்களைப் போலவே நீண்ட பாவாடை. அதே எதிரி. ஸ்கோர் 6-1, 6-1. உடைதான் வித்தியாசம் என்றால் 1887ஐவிட அந்த ஆட்டம் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? டாட்டும் அந்த உடையை விரும்பி ஏற்றவர் இல்லை. இப்படி உடல் முழுவதையும் கட்டிப்போடுகிற உடையோடு பெண்கள் எப்படி நல்ல ஆட்டம் ஆட முடியும் என்று எழுத்திலேயே கேட்டவர்.

வித்தியாசம் ஆட்டத்தில்தான் இருந்தது. அன்றைய பெண்களில் பெரும்பாலோர் பின்கோட்டிலேயே நின்று, பந்து ஒருமுறை துள்ளிய பிறகு அடித்து, எதிரி தவறு செய்யும்வரை காத்திருப்பார்கள். டாட் வலைக்கு ஏறி வந்தார். பந்து தரையைத் தொடும் முன்பே அடித்தார், வாலி. மேலே எழும்பி வந்த பந்தைத் தலைக்கு மேலிருந்து அறைந்தார், ஸ்மாஷ். ஃபோர்ஹேண்டில் நல்ல வேகம். இதோடு, எதிராளி அடிக்கும் முன்பே பந்து எங்கே வரும் என்று கணித்து அங்கே போய் நிற்கும் பழக்கம். பெண்களும் வாலி ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும், பந்தைத் தள்ளாமல் ஓங்கி அடிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1890ல் பெண்கள் டென்னிஸ் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு பெரிய விளையாட்டு நூலில் இடம்பெற்றது. அப்போது அவருக்கு 20கூட ஆகவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வழியிலேயே நின்றார். சர்வீஸைக் கையைத் தாழ்த்தி, கீழிருந்துதான் போட்டார். கையை உயர்த்திப் போடுவதால் பெண்களுக்குப் பெரிய லாபம் இல்லை, வீணாகக் களைப்புதான் என்பது அவர் எண்ணம். இதில் அவர் கணக்கு தவறு என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் சர்வீஸில் ஒரு பலமும் இல்லாமல் இவ்வளவு ஆதிக்கம் செலுத்தினார் என்றால், பந்து ஆட்டத்துக்குள் வந்த பிறகு அவர் எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்று பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: எதிரே யார்? ஐந்து விம்பிள்டன் இறுதிகளிலும் எதிரே நின்றது ஒரே பெண்தான், பிளாஞ்ச் பிங்க்லி. 1887ல் அந்தப் போட்டி முடிந்த கையோடு ஜார்ஜ் ஹில்யார்டை மணந்ததால், மற்ற நான்கிலும் பெயர் திருமதி ஹில்யார்ட் என்று இருக்கும். டாட்டைப் பற்றிய கதைகளில் இவர் தோற்றுக்கொண்டே இருக்கிற பெயராக மட்டும் வந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம். ஏனென்றால் டாட்டை அளக்க நமக்குக் கிடைத்த சரியான அளவுகோலே இவர்தான்.

ஹில்யார்ட் விம்பிள்டன் ஒற்றையரை ஆறு முறை வென்றவர்: 1886, 1889, 1894, 1897, 1899, 1900. டாட்டைவிட ஒன்று கூடுதல். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையே 14 ஆண்டுகள். 1884ல் நடந்த முதல் போட்டியிலேயே ஆடியவர், 1913ல் 49 வயதிலும் விம்பிள்டனில் களமிறங்கினார். வலைக்கு அதிகம் வரமாட்டார், பேக்ஹேண்ட் அவ்வளவு வலுவில்லை, ஆனால் அந்த ஃபோர்ஹேண்ட் பயங்கரமானது. ஓடி ஓடி எல்லாப் பந்தையும் ஃபோர்ஹேண்டுக்குக் கொண்டுவந்து அடிப்பார். மனவலிமையும் குறைந்ததில்லை. 1889 இறுதியில் லீனா ரைஸிடம் தோற்கிற நிலையில் மூன்று மேட்ச் பாயின்டுகளை (எதிரி இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் தருணங்களை) காப்பாற்றி 4-6, 8-6, 6-4 என்று மீண்டு வந்தவர்.

அந்தப் பெண்ணுக்கு எதிராக டாட்டின் ஐந்து இறுதிகள்: 1887ல் 6-2, 6-0. 1888ல் 6-3, 6-3. 1891ல் 6-2, 6-1. 1892ல் 6-1, 6-1. 1893ல் 6-8, 6-1, 6-4. ஒவ்வொரு செட்டிலும் இருவரும் வென்ற கேம்களைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன, அவற்றைக் கூட்டிப் பாருங்கள். டாட் 66, ஹில்யார்ட் 26. ஆறு முறை சாம்பியன் ஆன ஒருவரைத் தொடர்ந்து ஐந்து இறுதிகளில் இந்த விகிதத்தில் அடிப்பது எந்தக் காலத்திலும் அரிது. அதில் அந்த 1893 முதல் செட் மட்டும்தான் டாட் விம்பிள்டனில் இழந்த ஒரே செட். ஹில்யார்டின் பட்ட ஆண்டுகளை இன்னொரு முறை பாருங்கள். டாட் ஆடவந்த ஓர் ஆண்டுகூட அதில் இல்லை. டாட் வராத 1889ல் வென்றார், டாட் விலகிய மறு ஆண்டே 1894ல் வென்றார். போட்டிக்கு ஆறு பேர் வந்தாலும் சரி, அறுபது பேர் வந்தாலும் சரி, அதில் ஒருவர் ஹில்யார்டாக இருக்கும்போது பட்டம் இலவசமாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சான்றும் இருக்கிறது, அது ஆண்களோடு ஆடியது. 1888ல் எக்ஸ்மத் ஊரில் எர்னஸ்ட் ரென்ஷாவுக்கு எதிராக ஒரு காட்சிப் போட்டி. ரென்ஷா அந்த ஆண்டின் ஆண்கள் விம்பிள்டன் சாம்பியன். டாட்டுக்குச் சலுகையாக ஒவ்வொரு கேமும் 30-0 என்று அவருக்குச் சாதகமாகவே தொடங்கும். அதாவது ஒரு கேமை வெல்ல டாட்டுக்கு இரண்டு பாயின்ட் போதும், ரென்ஷாவுக்கு நான்கு வேண்டும். முதல் செட் டாட்டுக்கு 6-2. அப்புறம் ரென்ஷா 7-5, 7-5 என்று இரண்டையும் எடுத்து ஆட்டத்தை வென்றார். செட்களை விட்டுவிட்டுக் கேம்களை எண்ணினால் ஆளுக்கு 16, சரிசமம். இந்தச் சலுகையோடு கேம்கள் சமமாக வருவதற்கு ரென்ஷா ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாயின்ட் வென்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் வருகிறது. ஆகவே சலுகை இல்லாமல் ஆடியிருந்தால் ரென்ஷா சுலபமாகவே வென்றிருப்பார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலகின் தலைசிறந்த ஆண் ஆட்டக்காரர் முழுமூச்சாக ஆடியும், நீண்ட பாவாடைக் காலத்து 16 வயதுப் பெண் மூன்றில் ஒரு பாயின்டை அவரிடமிருந்து பறித்திருக்கிறார். எர்னஸ்டின் இரட்டைச் சகோதரர் வில்லியம் ரென்ஷா விம்பிள்டனை ஏழு முறை வென்றவர். அவரையும் சலுகையோடு எதிர்த்து ஆடி 6-2, 6-4 என்று டாட் வென்றார்.

மொத்த டென்னிஸ் வாழ்க்கையிலும் ஒற்றையரில் அவர் தோற்றது ஐந்தே ஆட்டங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சிறுமியாக இருந்த காலத்துத் தோல்விகள்.

இனி இரண்டாவது கேள்வி, ஏன் விலகினார். 21 வயதில் திடீரென்று விலகினார் என்று நினைப்பதே சரியில்லை. அதற்கு முன்பே அவருடைய ஈடுபாட்டில் இடைவெளி தெரிந்தது. 1889ல் பட்டத்தைக் காக்கவே வரவில்லை. அக்கா ஆனி, அண்ணன் டோனி, நண்பர்களோடு ஸ்காட்லாந்து கடலோரம் பாய்மரப் படகில் போய்விட்டார். 1890லும் ஆடவில்லை. 1891ல் திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் வரிசையாக வென்றார், அவ்வளவுதான். அன்று டென்னிஸில் சம்பளமோ பரிசுப் பணமோ கிடையாது. கிடைத்தாலும் டாட் குடும்பத்துக்குத் தேவையில்லை. எதிரே வருவது ஒரே ஆள், அவரையும் மறுபடி மறுபடி தோற்கடித்தாயிற்று. கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் வரை ஒன்றில் ஊறிக்கிடப்பது, பிடிபட்டதும் அடுத்ததைத் தேடுவது என்பது அவர் சுபாவம். பின்னால் அவர் செய்ததெல்லாம் அதையே காட்டுகிறது. காயமோ தோல்வியோ அவரை வெளியே தள்ளவில்லை.

1890களின் நடுவில் குளிர்காலத்தை சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் கழித்தார். பனிக்கட்டி மேல் ஆடும் ஸ்கேட்டிங்கில் பெண்களுக்கான தேர்வில் தேறினார். அது போதாமல் 1897ல் ஆண்களுக்கான தேர்விலும் தேறினார். அதில் தேறிய இரண்டாவது பெண். கிரெஸ்டா ரன் என்ற பனிப்பாதையில் தலைதெறிக்கும் வேகத்தில் சறுக்கினார், மலை ஏறினார். திரும்பி வந்து தன் ஊர்ப் பக்கம் ஸ்பிட்டலில் பெண்கள் ஹாக்கி கிளப் தொடங்குவதில் முன்னின்றார். 1899 மார்ச் 21ல் இங்கிலாந்து அணிக்காக அயர்லாந்தை எதிர்த்து ஆடினார், 3-1 வெற்றி. அடுத்த ஆண்டு அதே அயர்லாந்தை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவர் அடித்ததுதான்.

கோல்ஃபைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவருக்கு எதுவும் சுலபமாக வரவில்லை. டென்னிஸில் 15 வயதில் உச்சிக்குப் போனவர், கோல்ஃபில் வருடக்கணக்காகக் காத்திருந்தார். 1898ல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் தோல்வி, 1900ல் மறுபடி அரையிறுதியில் தோல்வி. 1904ல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் ஒருவழியாக இறுதிக்கு வந்தார். எதிரே மே ஹெஸ்லெட், ஏற்கெனவே இருமுறை சாம்பியன். 17 குழிகள் முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியை டாட் எடுத்தார், ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் பட்டம். பிரிட்டனின் டென்னிஸ், கோல்ஃப் இரண்டிலும் பெண்கள் சாம்பியன் ஆன ஒரே ஆள் அவர்தான். அந்த ஆண்டே அமெரிக்காவுக்குப் போய் பிலடெல்பியா அருகே நடந்த அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். முதல் சுற்றிலேயே வெளியேற்றம். இந்தத் தோல்விகளை விட்டுவிட்டு வெற்றிகளை மட்டும் எழுதுகிறவர்கள் அவரைப் பிறவி அதிசயமாக்கிவிடுகிறார்கள். ஆறு வருடம் முயன்று ஜெயித்தவர் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் வில்வித்தை. 1905ல் பெபிங்டன் வீட்டை விற்றுவிட்டு பெர்க்ஷைரின் நியூபெரிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே வெல்ஃபோர்ட் பார்க் வில்லாளர் குழுவில் சேர்ந்தார்கள். 1908ல் லண்டன் ஒலிம்பிக். பெண்கள் பிரிவில் 25 பேர், அத்தனை பேரும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். இரண்டு நாளில் மொத்தம் 144 அம்புகள். 96 அம்புகள் 60 கெஜத்திலிருந்து, 48 அம்புகள் 50 கெஜத்திலிருந்து. முதல் நாள் முடிவில் டாட்தான் முன்னணி. இரண்டாம் நாளில் குவீனி நியூவால் முந்திவிட்டார். நியூவால் 688, டாட் 642. வெள்ளி. அண்ணன் வில்லி ஆண்கள் பிரிவில் 815 புள்ளிகளோடு தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் அண்ணன் தங்கை என்று இவர்களைச் சொல்வார்கள். போட்டியாளர் பலம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அந்தக் கேள்வியை உண்மையில் இங்கேதான் கேட்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த பெண் வில்லாளர் ஆலிஸ் லீ ஒலிம்பிக்குக்கு வரவே இல்லை. அடுத்த வாரம் நடந்த தேசியப் போட்டியில் அவர் நியூவாலைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். எனவே டாட்டின் ஒலிம்பிக் வெள்ளியை அவருடைய டென்னிஸுக்குச் சமமாக நான் வைக்கமாட்டேன்.

பணத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். வீட்டிலேயே இரண்டு மைதானம், வேலைக்குப் போகவேண்டாத வாழ்க்கை, ஒரு குளிர்காலம் முழுக்க ஆல்ப்ஸில் தங்க முடிகிற வசதி. அருகே லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களில் எத்தனை பேருக்கு மட்டையைக் கையில் தொடும் வாய்ப்பு இருந்திருக்கும்? விக்டோரியா காலத்து டென்னிஸ் மேல்தட்டின் ஆட்டம், அதன் சாம்பியன்கள் அந்தச் சிறிய வட்டத்தின் சாம்பியன்கள். ஆள் குறைவுக்கு உண்மையான காரணம் இது; பெண்களுக்கு ஆர்வமில்லை என்பதில்லை. டாட்டின் திறமையை இது குறைக்காது. ஆனால் நமக்குத் தெரியாமலே போன டாட்கள் இருந்திருப்பார்கள்.

முதல் உலகப்போரில் அவர் தாதியாகப் போர்முனைக்குப் போக விரும்பினார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்புவலி அதைத் தடுத்தது. நியூபெரி அருகே ஸ்பீனில் இருந்த ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தார். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் செய்த சேவைக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. பியானோ, சேர்ந்திசை என்று இசையிலும் ஈடுபட்டார். பல ஆண்டுகள் அண்ணன் வில்லியோடு வாழ்ந்தார், வில்லி 1954ல் இறந்தார். லாட்டி 1960 ஜூன் 27ல், 88 வயதில், ஹாம்ப்ஷைரில் ஒரு முதியோர் இல்லத்தில் காலமானார். அந்த ஆண்டு விம்பிள்டன் நடந்துகொண்டிருந்த நேரம் அது. சர்வதேச டென்னிஸ் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது 1983ல்தான்.

கடைசியாக, மார்ட்டினா ஹிங்கிஸ் இவருடைய வயதுச் சாதனையை முறியடித்துவிட்டார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். ஹிங்கிஸ் 1996ல் 15 வருடம், 282 நாள் வயதில் விம்பிள்டன் வென்றது உண்மை, டாட்டைவிட மூன்று நாள் குறைவு. ஆனால் அது ஹெலனா சுக்கோவாவோடு சேர்ந்து வென்ற இரட்டையர் பட்டம். ஹிங்கிஸின் ஒற்றையர் பட்டம் அடுத்த ஆண்டு, 1997ல் வந்தது. அப்போது அவருக்கு 16 வயது.